தறி தந்த கம்பி வலை

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்தது திருப்பருத்திக்குன்றம். திரைலோக்கியநாதர் கோயிலின் விதானத்து ஓவியங்களால் புகழ்பெற்ற ஊர். சமணர்கள் இதனைச் சினகாஞ்சி என்பர். இங்கே என் அண்டை வீட்டு நெசவாளி, சென்ற ஆண்டு கம்பி வலை வாங்கி வந்து புழக்கடையில் ஒரு கோழிக்கூண்டு அமைத்தார். மூன்று மாதம் சென்றது. ஒருநாள் பொழுது விடிந்தபோது ஒரு பெட்டையும் ஏழு குஞ்சுகளும் கூண்டுக்குள் செத்துக் கிடந்தன. வலை எங்கும் அறுந்திருக்கவில்லை. பெருச்சாளி பறித்த வளை ஒன்று கூண்டின் அடியில் திறந்திருந்தது. ஈரமண்ணில் கீரியின் காலடிகள் தெரிந்தன. அவருடைய தாயார் வீட்டுக்குள் மூங்கில் கூடையால் கவிழ்த்து வைத்திருந்த கோழிக்கோ ஓர் இறகும் உதிரவில்லை.

"என்ன சார், காசு குடுத்து வாங்கின வலை இப்படி ஏமாத்திடுச்சே!" என்று நண்பர் கேட்டார். இதற்கு விடை காண, அந்த வலையின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மரக்கிளையும் கூடையும்

வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி பகலில் தரையில் மேயும். இரவில் மரக்கிளையில் அடையும். கோழியின் கண் மங்கிய ஒளியில் நன்கு செயற்படாது. ஆகவே, உயரமே அதற்கு இயற்கை தந்த காப்பு. மனிதன் அதனைக் கொல்லைக்கு அழைத்து வந்து, முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தான். உடல் கனத்தது, பறக்கும் ஆற்றல் குறைந்தது. மரம் தந்த காப்பை இனி மனிதனே தரவேண்டியதாயிற்று.

தமிழகத்தில் கோழியின் மதிப்பு பழமையானது. மதுராந்தகத்தை அடுத்த இந்தளூரில், ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் சண்டையில் மாண்ட சேவலுக்குக் கல் நட்டு, எழுத்தும் பொறித்தார்கள். மரநாய் இரவில் தூக்கிச் சென்ற கோழிகளைப் பற்றி எந்தக் கல்லும் பேசவில்லை. ஆனால் அந்த இழப்புகள் கற்பித்த பாடம் ஒரு பொருளாக நம்மிடம் இருக்கிறது. தென்மாவட்டங்களில் பஞ்சாரம் எனப்படும் கவிழ்கூடையே அது. மூங்கிற் சிம்புகளை நெருக்கிப் பின்னியதால் குஞ்சுக்குக் காற்று கிடைக்கும், பருந்தின் நகம் நுழையாது. கூடையை இரவில் வீட்டுக்குள் எடுத்து வைத்தால், அதன் அடியில் தோண்டுவதற்கு மண் இல்லை. பாட்டிமார்கள் கூடையை மட்டும் நம்பவில்லை. கூடை, வீடு, கதவு, மனிதன் ஆகிய நான்கையும் சேர்த்தே நம்பினார்கள்.

நாரிச் நகரத் தறிகள்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நாரிச், காஞ்சியைப் போலவே நெசவுக்குப் பெயர்பெற்ற பழைய நகரம். அங்குக் கம்பளித் துணி நெய்யும் தொழில் பல நூற்றாண்டுகளாகத் தழைத்திருந்தது. அந்நகரத்து இரும்பு வணிகரான சார்லஸ் பர்னார்ட், 1844-ஆம் ஆண்டில் துணி நெய்யும் எந்திரத்தைப் பின்பற்றிக் கம்பியைப் பின்னும் எந்திரம் ஒன்றை வகுத்தார். நூலின் இடத்தில் இரும்புக் கம்பி வந்தது. இன்று உலகெங்கும் 'கோழி வலை' எனப்படும் அறுகோண வலை இவ்வாறு தறியிலிருந்து பிறந்தது!

இவ்வலையில் கம்பிகள் வெறுமனே குறுக்கிட்டுச் செல்வதில்லை. அடுத்தடுத்த இரு கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு பிரிகின்றன. எனவே ஓரிடத்தில் அறுந்தாலும், பக்கத்து முறுக்குகள் பிடித்துக்கொள்வதால் வலை முழுவதும் பிரிந்துவிடாது. குறைந்த கம்பியில் மிகுந்த பரப்பை மூடலாம். சுருட்டி எடுத்துச் செல்லலாம்.

துத்தநாகத்தின் தொண்டு

வெற்று இரும்பு வலை ஓரிரு மழைக்காலத்திற்குமேல் தாங்காது. பிரெஞ்சுக்காரரான ஸ்தானிஸ்லாஸ் சோரெல், இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு 1837-இல் காப்புரிமை பெற்றார். துத்தநாகத்தை வாலைவடித்துப் பிரிப்பதில் நம் நாடே முன்னோடி. உதயப்பூரை அடுத்த ஜாவரில் அத்தொழில் பெருமளவில் நடந்து சில நூற்றாண்டுகள் சென்ற பின்னரே, 1738-இல் இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

பூச்சு எவ்வாறு காக்கிறது? துத்தநாகத்தின் திட்ட மின்முனை அழுத்தம் –0.76 வோல்ட், இரும்பினுடையது –0.44 வோல்ட். இரண்டும் ஒட்டியிருக்க ஈரம் பட்டால், துத்தநாகமே முதலில் அரிபடும். கீறல் விழுந்த இடத்திலும் அது தன்னை அழித்து இரும்பைக் காக்கும். ஆனால் இத்தொண்டிற்கும் எல்லை உண்டு. கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து துத்தநாகத்தை விரைவில் தின்றுவிடும். கூண்டின் அடிப்பகுதி முதலில் துருப்பிடிப்பதன் காரணம் இதுவே. பகைவன் தேடி வரும் இடமும் அதுவே அன்றோ!

வலையின் எல்லை

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். இந்த மெல்லிய வலை கோழியை உள்ளே நிறுத்தி வைக்க ஏற்றது. வலிய விலங்கை வெளியே நிறுத்தும் திறன் அதற்குக் குறைவு. முக்கோணத்தின் பக்கங்கள் மாறாவிட்டால் அதன் வடிவமும் மாறாது. அறுகோணம் அப்படியன்று, பக்கங்கள் நீளாமலே அது நசுங்கி நீளும். நாய் பல்லால் இழுத்தால் கண்கள் விரிந்து வடிவிழக்கும். கண் அகலமாயிருந்தால் பாம்பும் எலியும் நுழையும். மரநாய் கையை விட்டு, வலையோரம் உறங்கும் கோழியைப் பற்றும்.

ஆஸ்திரேலியர்கள் இதனைப் பெருஞ்செலவில் கற்றார்கள். முயல்களைத் தடுக்க அந்நாட்டின் மேற்குப் பகுதியில் 1901-இல் தொடங்கி 1907-இல் முடித்த முதல் வேலியின் நீளம் 1,833 கிலோமீட்டர். முயல் தோண்டும் என்பதால் வலையின் அடியை மண்ணுக்குள் புதைத்தார்கள். எனினும், வேலி முடியுமுன்பே, 1902-இல், முயல்கள் மேற்குப்புறம் காணப்பட்டன. வேலியின் வலிமை அதன் கம்பியில் மட்டும் இல்லை. அதன் இடைவெளிகளிலும் இருக்கிறது.

செய்யத்தக்கவை

கூண்டின் கீழ்ப்பகுதி இரண்டடி உயரத்திற்கு, அரை அங்குலக் கண் கொண்ட பற்றவைத்த சதுர வலை வேண்டும். அதனை ஓரடி ஆழம் புதைக்கலாம். அல்லது தரையோடு வெளிப்புறமாக மடித்து மேலே கல் அடுக்கலாம். மேலே மூடி கட்டாயம் தேவை. வலையோரத்திலிருந்து விலகி, உயரத்தில் அடையும் கழி அமைக்க வேண்டும். அந்தி சாயும்போது கோழிகள் தாமே அடையும். அப்போதே கதவைத் தாழிட வேண்டும். கீரி பகலில் திரிவது. ஆதலால் குஞ்சுகளைக் காக்கும் கூடைக்குப் பகலிலும் வேலை உண்டு.

ஒன்றை மட்டும் செய்யலாகாது. வீட்டு மின்சாரத்தைக் கம்பி வலையில் இணைப்போர் இன்றும் சிலர் உள்ளனர். ஈர உடலின் தடை 1,000 ஓம் என்று கொண்டாலும், 230 வோல்ட் அழுத்தத்தில் 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிர்காக்கும் மின்துண்டிப்பான்கள் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்குமாறு அமைக்கப்பட்டவை என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். விடியலில் முட்டை எடுக்கச் செல்லும் கை நம் குழந்தையுடையதாகவும் இருக்கலாம். கீரியும் மரநாயும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. கொல்லையில் எலிகளைத் தின்று குறைப்பவையும் அவையே.

நண்பர் கூண்டைத் திருத்தி அமைத்துவிட்டார். கீழே சதுர வலை, சுற்றிலும் பழைய செங்கல். எனினும் அவருடைய தாயார், குஞ்சு பொரித்த கோழியை இன்றும் கூடையில் மூடி வீட்டுக்குள்தான் வைக்கிறார். கொல்லாமையைப் பேசிய இவ்வூரில், கொல்லாமல் காக்கும் அந்தக் கூடைக்கு இடம் இருப்பது பொருத்தமே.