தகரமும் வர்ணமும்: தெருவுக்கு வந்த கராஜின் கதை

மோட்டார் காரின் வரலாறு என்று எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதில் கண்டுபிடித்தவர்களின் பெயர் இருக்கும், கொம்பனிகளின் பெயர் இருக்கும், எந்த ஆண்டில் எந்த மொடல் வந்தது என்ற விபரமும் இருக்கும். அந்தக் காரை அடுத்த ஐம்பது வருசம் ஓட வைத்த டிங்கர் பாஸின் பெயர் மட்டும் இருக்காது. 'பாஸ்' என்ற சொல்லே ஒல்லாந்தர் இங்கே விட்டுப்போன சொல். முதலாளியைக் குறிக்கிற ஆங்கில 'பொஸ்'சும் அதே ஒல்லாந்து வேரிலிருந்து வந்ததுதான். ஒரே சொல் ஒரு பக்கம் கதிரையில் இருப்பவருக்கும், இன்னொரு பக்கம் காருக்குக் கீழே படுத்திருப்பவருக்கும் பெயராகிவிட்டது.

ஒரு வானிலோ முச்சக்கர வண்டியிலோ சாமான்களை ஏற்றிக்கொண்டு, வீட்டு வாசலுக்கே போய்க் கீறலை எடுத்து, நெளிவை நிமிர்த்தி, பெயின்ட் அடித்துக் கொடுக்கிற தொழில் வெளிநாடுகளில் நன்றாக ஓடுகிறது. 'நாங்களும் இஞ்ச தொடங்கினால் என்ன?' என்று யோசிக்கிற இளம் ஆக்களுக்கு வீடியோக்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் இந்தத் தொழில் எப்படி உருவானது, கராஜுக்குள் இருந்தது எப்படித் தெருவுக்கு வந்தது என்று தெரிந்துகொண்டால்தான், எங்கட மண்ணில் அது எங்கே சரிவரும், எங்கே சறுக்கும் என்பது விளங்கும். ஆகவே கொஞ்சம் பின்னால் போவோம்.

வாரக்கணக்கில் காய்ந்த வர்ணம்

முதல் கார்களுக்கு வர்ணம் பூசியவர்கள் குதிரை வண்டிக்கு வர்ணம் பூசியவர்கள்தான். எண்ணெயும் வார்னிஷும் கலந்த வர்ணத்தைத் தூரிகையால் பூச வேண்டும், காய விட வேண்டும், தேய்க்க வேண்டும், திரும்பப் பூச வேண்டும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் எடுக்கும். பணக்காரருக்கு ஒன்றிரண்டு கார் செய்த காலத்தில் அது பிரச்சினையாக இருக்கவில்லை. ஹென்றி ஃபோர்டின் அசெம்பிளி லைன் வந்தபிறகுதான் பெயின்ட் காய்கிற நேரம் முழுத் தொழிற்சாலைக்கும் தடையாகியது. 1908இல் வந்த மொடல் ரீ கார் முதலில் வேறு நிறங்களிலும் கிடைத்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டுமே. கறுப்பு மலிவு, உறுதியானது, ஒரே நிறம் என்றால் வேலையும் இலகு.

இதை மாற்றியது ஒரு போரின் மிச்சம். அமெரிக்காவின் டூபொன்ட் கொம்பனி முதலாம் உலகப் போரில் வெடிமருந்து செய்து கொழுத்த கொம்பனி. அந்த வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெலுலோஸ். போர் முடிந்ததும் அதே இரசாயனத்துக்கு வேறு பயன் தேடினார்கள். அப்படி வந்ததுதான் 'டுக்கோ'. 1923இன் கடைசியில், 1924ஆம் ஆண்டு மொடலாக வந்த ஜெனரல் மோட்டர்ஸின் ஓக்லண்ட் கார்கள் நீல நிற டுக்கோவோடு வெளியாகின. வாரக்கணக்கில் நடந்த வேலை மணித்தியாலக் கணக்குக்கு வந்தது. இந்தியாவில் இன்றைக்கும் மரத்தளபாடத்துக்கு ஸ்பிறே அடிப்பதை 'டுக்கோ' என்று சொல்கிறார்கள். கொம்பனி வைத்த பெயர் வேலையின் பெயராகவே நின்றுவிட்டது.

இந்த வர்ணம் தூரிகைக்கு ஒத்துவராது, அவ்வளவு வேகமாகக் காய்ந்துவிடும். அதற்குத் தேவையான ஸ்பிறே கண் ஏற்கெனவே இருந்தது. ஒஹாயோவின் டொலீடோ நகரில் அலன் டிவில்பிஸ் என்ற வைத்தியர், நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க 1880களில் ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தோமஸ் 1907 அளவில் அதையே வர்ணம் தெளிக்கிற துப்பாக்கியாக மாற்றினார். தொண்டைக்கு மருந்து தெளிக்கப் பிறந்த கருவி பிறகு எத்தனையோ பெயின்டர்மாரின் நெஞ்சுக்குள் நஞ்சைக் கொண்டுபோனது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

திருத்த வேலைக்கு டுக்கோ ஏன் முக்கியம்? தொழிற்சாலையில் சூளைக்குள் வைத்துச் சுடுகிற வர்ணத்தைச் சின்னக் கராஜில் செய்ய முடியாது. இருக்கை, வயர், ரயர் எல்லாம் பூட்டின காரைச் சூளைக்குள் வைக்கவும் முடியாது. நைட்ரோசெலுலோஸ் வர்ணம் வெறுங்காற்றிலேயே காயும், புதிதாக அடிக்கிற படை பழைய படையைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கம்பிரசர், ஒரு கண், தின்னர், ஒரு கொட்டில் இருந்தால் யாரும் பெயின்டர் ஆகலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. எங்கட ஊர்க் கராஜும் அந்த வழியில் வந்ததுதான்.

ஈயத்திலிருந்து பட்டிக்கு

தகர வேலையின் கதை வேறு. நெளிந்த தகரத்துக்குப் பின்னால் இரும்புக்கட்டையைப் பிடித்து, முன்னால் சுத்தியலால் மெல்லத் தட்டி நிமிர்த்துவது கொல்லுப்பட்டறை அறிவின் தொடர்ச்சி. முழுக்க நிமிராத இடத்துக்கு ஈயமும் தகரமும் கலந்த உலோகத்தை உருக்கி, மரத்துடுப்பால் பரப்பி, அரத்தால் அராவி மட்டமாக்குவார்கள். அது உண்மையான கைத்திறன், அதே நேரம் ஈயத்தூள் உடம்புக்குள் போகிற வேலையும்தான். 1950களின் நடுவில் அமெரிக்காவில் பொலியெஸ்டர் பசையும் டால்க் தூளும் கலந்த பட்டி வந்தது. இறுக்கியைக் கலந்து வைத்தால் சில நிமிடங்களில் கல்லாகிவிடும், சான்ட்பேப்பரால் தேய்க்கலாம். வேலை லேசாகியது, கள்ள வேலையும் லேசாகியது. கறளை வெட்டி எடுக்காமல் மேலே பட்டியைப் பூசி மினுக்கிக் கொடுத்தால் வாங்குபவருக்குத் தெரியாது, ஒரு மழைக்காலம் போனால்தான் கொப்பளிக்கும்.

இது அழகுப் பிரச்சினை மட்டுமில்லை. மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ50 கேம்பிரிஜ் போன்ற கார்களில் தனியாக ஒரு சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கதவுக்குக் கீழே இருக்கிற பெட்டித் தகரம் கறள் பிடித்தால் காரின் முதுகெலும்பே போகிறது. அதற்குள் பட்டி வைத்து மூடுவது உயிரோடு விளையாடுகிற வேலை.

யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின்கள்

1960களின் தொடக்கத்திலேயே இலங்கையில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970க்கும் 1977க்கும் இடையில் அது இன்னும் இறுகியது. பிரித்தானியாவில் பழைய இரும்புக்குப் போன கார் இங்கே விட்டெறிய முடியாத சொத்தாக நின்றது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு தெற்கில் ஜப்பான் கார்கள் நிறைந்தன. வடக்கில் அந்தக் கதை நீளவில்லை, போர் வந்துவிட்டது.

1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்ட பொருட்களாயின, தேசிய மின்சாரமும் நின்றது. அந்த நேரத்தில் கைகொடுத்தது பழைய காபரேற்றர் கார்கள்தான். கொஞ்சப் பெற்றோலை விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். கலியாணமோ, ஆஸ்பத்திரியோ, இடம்பெயர்வோ, எல்லாத்துக்கும் அந்த ஒஸ்ரின், மொரிஸ் ஹயர் கார்கள்தான்.

எஞ்சினின் கதையை எல்லாரும் சொல்கிறார்கள், உடலின் கதையை யாரும் சொல்லவில்லை. மூன்று பக்கமும் கடல், உப்புக் காற்று. நாற்பது வருசம் பழைய தகரம். கொம்பனியிடமிருந்து புதுக் கதவோ மட்கார்டோ வர வழியில்லை. கம்பிரசரை ஓட்ட மின்சாரம் வேணும், இல்லாட்டி எரிபொருள் வேணும். அப்படியிருந்தும் அந்தக் கார்கள் போருக்குப் பிறகும் றோட்டில் நின்றன. அதற்குப் பின்னால் எவ்வளவு தகரம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும், எவ்வளவு கைக்கணக்கு இருந்திருக்கும்! எங்கட சமூகம் இதைத் 'தப்பிப் பிழைத்தல்' என்று பெருமையாகச் சொல்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்த கைகளைப் படிப்பு ஓடாத பொடியனை விடுகிற இடமாகத்தான் பார்த்தது. இரண்டையும் சேர்த்துத்தான் நாங்கள் எழுத வேணும்.

கராஜ் வானில் ஏறியது எப்படி

நடமாடும் திருத்த வேலை திடீரென்று யாருக்கோ உதித்த யோசனை இல்லை. அதற்குப் பின்னால் சில மாற்றங்கள் இருந்தன. 1960களிலிருந்து காரின் உடலை முழுதாகத் தொட்டிக்குள் அமிழ்த்தி, மின்சாரத்தால் அடிப்படைப் பூச்சைப் படிய வைக்கிற முறை பரவியது. பிறகு துத்தநாகம் பூசிய தகரமும் வந்தது. கறள் குறைந்தது. பம்பர் இரும்பிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறி, காரின் நிறத்திலேயே பெயின்ட் அடிக்கப்பட்டது. 1980களில் நிறப்படைக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு தெளிந்த படை அடிக்கிற முறை பொதுவானது. ஆகவே திருத்த வேலையின் தன்மையே மாறியது. முன்பு பெரிய கறள் வேலை, இப்போது சின்னச் சின்ன உரசல்.

ஒரு சின்ன உரசலுக்காகக் காரைக் கிழமைக்கணக்கில் கராஜில் விட யாருக்கும் விருப்பமில்லை. மேற்கு நாடுகளில் காப்புறுதிக்குப் போனால் முதல் தொகையை உரிமையாளரே கட்ட வேண்டும், சலுகையும் போய்விடும். இந்த இடைவெளிக்குள்தான் 1990களில் வான்கள் நுழைந்தன. சேதப்பட்ட துண்டை மட்டும் எடுத்து, சின்னக் கண்ணால் அடித்து, ஓரத்தைப் பழைய பெயின்டுக்குள் கரைத்துவிடுவது ஒரு முறை. கல்மழையில் குழிந்த கார்களை உள்ளேயிருந்து கம்பியால் தள்ளி, பெயின்டைத் தொடாமலே நிமிர்த்துவது இன்னொரு முறை.

எங்கட தெருவில்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறக்கப்பட்டது. இடையில் 2022இன் நெருக்கடியும் வந்தது. பழைய காரின் விலை ஏறியது, ஆகவே அதைத் திருத்தி வைத்திருப்பதன் பெறுமதியும் ஏறியது. 1960களின் கதை திரும்பியது போலத்தான். தேவை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பார்த்த வரலாறு சில கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது.

முதலாவது, எந்த வேலையை வானில் ஏற்றலாம்? பம்பர் உரசல், சின்னக் குழி, கீறல் ஆகியவை சரி. பெயின்டைத் தொடாமல் நிமிர்த்துகிற வேலை இன்னும் நல்லது. மூலதனம் குறைவு, முழுக்கக் கைப்பழக்கம், நஞ்சும் இல்லை. கறள் பிடித்த சட்டகம், விபத்தில் மடிந்த உடல், முழுக் காருக்குப் பெயின்ட் ஆகியவற்றுக்கு 'மாட்டன்' என்று சொல்லிக் கராஜுக்கு அனுப்பத் தெரிய வேணும்.

இரண்டாவது, காலநிலை. ஈரக்காற்றில் செலுலோஸ் வர்ணம் அடித்தால் வெள்ளை படரும். புழுதி பறக்கிற ஒழுங்கையில் தெளிந்த படை அடித்தால் மணல் ஒட்டும். வெளிநாட்டு வீடியோவில் இந்த இரண்டும் தெரியாது.

மூன்றாவது, உயிர். 1970களுக்குப் பிறகு பரவிய இரண்டு பொருள் கலக்கிற பெயின்டின் இறுக்கியில் ஐசோசயனேற் இருக்கிறது. பெயின்டர்மாருக்கு வருகிற தொழில்வழி ஆஸ்துமாவுக்கு அது நன்கு அறியப்பட்ட காரணம். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும், தொழிலையே விட வேண்டி வரும். லேஞ்சியோ துணி முகக்கவசமோ இதைத் தடுக்காது, வெளியிலிருந்து சுத்தமான காற்றுத் தருகிற முகமூடி வேணும். கராஜுக்குள் அது பெயின்டரின் பிரச்சினை. வீட்டு முற்றத்தில் அடித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிரச்சினையும்தான்.

நாலாவது, தண்ணீர். யாழ்ப்பாணத்தின் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை எங்களுக்குப் பழசில்லை. கண் கழுவின தின்னரை வேலி ஓரத்தில் ஊற்றுகிற பழக்கத்தோடு ஒவ்வொரு வீடாகப் போகிற தொழில், நஞ்சை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோகிற தொழிலாகிவிடும். ஸ்பிறே அடிக்கிற கராஜுகள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும் என்பது சட்டம். வானுக்கு ஒரே முகவரி இல்லை என்பதற்காக அந்தப் பொறுப்பு இல்லாமல் போகாது.

அறிவு எங்கே இருக்கிறது

1958இல் பஸ்கள் தேசியமயமானதும், அவற்றைப் பராமரிக்க ஆட்கள் வேணும் என்று 1959இல் ஜேர்மன் உதவியோடு ஒரு தொழிற்பயிற்சி நிலையம் தெற்கில் தொடங்கப்பட்டது. கிளிநொச்சி அறிவியல்நகரில் அப்படி ஒன்று வர 2016 ஆகியது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் வடக்கில் தொழில் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரு பாஸுக்குப் பக்கத்தில் நின்று, ஏச்சு வாங்கி, பார்த்துப் பழகியவர்கள்தான். அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. நிறம் கலக்கக் கணினி வருவதற்கு முன் வெயிலில் வைத்துக் கண்ணால் பொருத்தியவர்கள் இப்போது வயதாகி நிற்கிறார்கள். சிலருக்கு மூச்சு இழுக்கிறது.

வான் வாங்க முதல், ஸ்பிறே கண் வாங்க முதல், ஊரில் இருக்கிற ஒரு பழைய டிங்கர் பாஸிடம் ஒரு கிழமை போய் இருந்து பார்க்கலாம். தொழில் தொடங்குகிறவருக்கு அது பயிற்சி. வரலாறு எழுதுகிற எங்களுக்கு அது ஆவணம். அவரிடம் சுத்தியலை எப்படிப் பிடிக்கிறது என்று கேட்கிறபோது, தடைக்காலத்தில் பெயின்ட் எங்கேயிருந்து வந்தது, கம்பிரசர் எதில் ஓடியது, தகரத்தை எதிலிருந்து வெட்டினார்கள் என்றும் கேட்டு எழுதி வைப்போம். கீழே அவரது பெயரையும் எழுதுவோம்.