சாரலும் இரட்டைக்குழலும்

நெற்கட்டும்செவலிலும் வாசுதேவநல்லூரிலும் பாளையக்காரர் பூலித்தேவனின் ஆட்கள் ஏந்திய திரித்துப்பாக்கிகளின் காலம் 1801 டிசம்பர் 1இல் முடிந்தது. கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் அன்று பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. பிறகு ஜமீன்களாக மாறிய அதே வீடுகளுக்கும், சீசனுக்குக் குற்றாலம் வந்து தங்கிய வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்களுக்கும் வந்து சேர்ந்தவை பர்மிங்ஹாம், லீஜ் நகரங்களின் இரட்டைக்குழல் துப்பாக்கிகள். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று, தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த இந்த வகைத் துப்பாக்கியைப் பார்த்ததுமே 'முறுக்குக் குழல், வெடித்துவிடும்' என்பவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பழி இரும்பின் மேல் மட்டும் விழுவது சரியில்லை. எத்தனையோ வருஷமாக யாரும் அந்தக் குழலை அளந்து பார்க்காததே பெரிய ஆபத்து.

முறுக்குக் குழல், அதாவது டமாஸ்கஸ் குழல் என்பது இரும்பும் எஃகும் மாறிமாறி அடுக்கிப் பற்றவைத்த தண்டுகளை முறுக்கி, பட்டையாக்கி, ஒரு கம்பியின் மேல் சுற்றிச் சூட்டோடு அடித்து ஒட்டியது. அமிலத்தில் தெரியும் அழகான வரிகள் அந்த முறுக்கின் தடம். நம் நாட்டு உலைகளில் மூசையில் உருக்கிய எஃகுக்கும் இதற்கும் உறவில்லை. ஒட்டுகள் நிறைந்த குழல் ஒற்றை எஃகுக் குழலைவிடப் பலவீனமானது என்று யாருக்கும் தோன்றும். 1891இல் பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 39 வகைக் குழல்களை மருந்தைக் கூட்டிக்கூட்டி வெடித்துப் பார்த்தது. மூன்று தண்டு முறுக்கிய ஆங்கிலக் குழல், விட்வொர்த்தின் எஃகுக் குழலோடு முன்வரிசையில் நின்றது. அவை புதிய, தேர்ந்த குழல்கள்தானே என்று கேட்டால், அது சரியான கேள்வி. மலிவுச் சரக்கில் ஒட்டுகளுக்கிடையே கசடு சிக்கியிருக்கும். அந்தக் குழலுக்கு இந்தச் சான்று பொருந்தாது. வரியின் அழகை வைத்து இரண்டையும் பிரித்தறியவும் முடியாது.

குற்றாலத்துச் சாரலின் பங்கு இங்கேதான் வருகிறது. கரிமருந்து வெடித்தபின் குழலில் தங்கும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். பழைய தோட்டாக்களின் கேப்பு மருந்தும் அப்படித்தான். அதிலிருந்து மிஞ்சுவது கிட்டத்தட்டக் கறியுப்புபோல் வேலை செய்யும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை சுவரே ஈரம் கோக்கும் ஊரில், துடைக்காமல் உறையில் வைத்த துப்பாக்கிக்குள் துரு குழிகுழியாக இறங்கும். முறுக்குக் குழலில் அது ஒட்டின் வழியாகவே உள்ளே போகும். துருவைச் சுரண்டி மெருகேற்றினால் குழல் பளபளக்கும், சுவரோ மெலியும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் குழலைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். அளக்க வழி குழலிலேயே இருக்கிறது. பழைய பர்மிங்ஹாம் துப்பாக்கியின் அடியில் 13/1 என்று பொறித்திருந்தால், சோதனையின்போது உள்விட்டம் 0.719 அங்குலம். இன்று அது 0.729ஐ எட்டியிருந்தால் அந்த முத்திரை செல்லாது.

'தாத்தா காலத்திலிருந்து சுடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே' என்பது அடுத்த வாதம். தாத்தா சுட்டது கரிமருந்து. இன்று கடையில் கிடைப்பது புகையில்லா மருந்து. அதற்கான தனிச் சோதனை முத்திரை பிரிட்டனில் 1896 விதிகளில்தான் வந்தது. அதற்கு முந்தைய துப்பாக்கி, மறுசோதனை நடக்காதவரை, அந்த மருந்துக்குச் சோதிக்கப்படாததே. தோட்டா அறையின் நீளமும் பார்க்க வேண்டியது: அன்றைய அறைகள் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டாக்களில் பல 70. நீளத் தோட்டா உள்ளே போய்விடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழல் கிழிவது பெரும்பாலும் இடக்கை பிடித்திருக்கும் இடத்துக்கு அருகில்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மேற்குமலை வேட்டை முடிந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று கேட்கலாம். உரிமம் இருக்கும்வரை தோட்டாவும் வாங்கலாம் என்பதால் கேள்வி முடியவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் சோதிக்கவும் உரிமம் பெற்றவர் வேண்டும். கொல்லுப்பட்டறையில் செய்கிற காரியமல்ல. தேர்தல் வரும்போதெல்லாம் உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுகின்றன. அப்போதே உரிமம் பெற்ற துப்பாக்கி வினைஞர் ஒருவர் உள்விட்டத்தையும் சுவர்த் தடிமனையும் அறையின் நீளத்தையும் அளந்து உரிமப் புத்தகத்தில் எழுதிவிடலாம்.