நெல்லில் சம்பளம் வாங்கிய வைத்தியர்

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் பழைய சீவரத்தில் இறங்கினால், பாலாற்றின் அக்கரையில் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் தெரியும். செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கூடும் இடம் இது. கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து (1063–1070) நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மன்னன் புகழ் பாடி முடித்ததும் அது ஒரு கணக்குப்பிள்ளையைப் போல வரவு செலவில் இறங்கிவிடுகிறது.

'வீரசோழன்' என்ற ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, பதினைந்து படுக்கைகள். நோயாளிக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. இரவில் எரிய விளக்கு. வைத்தியர் கோதண்டராமன் அஸ்வத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை (அறுவை) செய்பவருக்கு 30 கலம் நெல். நாவிதருக்கு 15 கலம். மூலிகை கொண்டுவர ஆட்கள், மருந்து காய்ச்சவும் நோயாளிகளைக் கவனிக்கவும் பெண்கள், தண்ணீர் கொண்டுவர ஒருவர் என்று ஆள்கணக்கு நீள்கிறது.

கத்தி பிடிப்பவருக்கு வைத்தியர் பெற்ற நெல்லில் மூன்றில் ஒரு பங்குதான்! இன்றைய அறுவை நிபுணர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஏட்டுப் படிப்புக்கு இருந்த மதிப்பு கைத்தொழிலுக்கு இல்லை என்றே தோன்றுகிறது.

ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளையும் கல்வெட்டு பெயர் சொல்லி அடுக்குகிறது. வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, வில்வாதி நெய், கல்யாணக லவணம் என இருபது வரை. பசுநெய்யைப் பழக வைத்துப் புராண சர்ப்பி ஆக்கவும் தனி ஒதுக்கீடு உண்டு.

அதே கோயிலின் சனநாத மண்டபத்தில் பள்ளியும் மாணவர் விடுதியும் இயங்கின. ரிக் வேதத்துக்குப் பத்துப் பேர், யசுர் வேதத்துக்குப் பத்துப் பேர். வியாகரணத்துக்கும் ரூபாவதாரத்துக்கும் மட்டும் இருபது பேர். சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினியின் சூத்திரங்களைத் தொடக்க மாணவருக்காகப் பொருள்வாரியாக மாற்றி அடுக்கிய நூல் ரூபாவதாரம். பெயரும் வினையும் எப்படி உருமாறுகின்றன என்று பழக்குவதே அதன் வேலை. சனிக்கிழமைகளில் இந்த மாணவர்கள் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெயும் கோயில் கணக்கில்தான்.

திருமுக்கூடலில் இலக்கணமும் மருத்துவமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. திருவாவடுதுறையிலோ, விக்கிரம சோழன் காலத்து 1121ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, மருத்துவ நூல்களான சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் படித்தவர்களுக்கும் ரூபாவதாரம் படித்தவர்களுக்கும் ஒரே மடத்தில் சோறு போட்டார்கள். இதில் வியப்பில்லை. மருத்துவ நூல்கள் சமஸ்கிருதத்தில் இருந்தன. ஒரு வினைமுற்றைப் பிழையாகப் படித்தால், கொடு என்றதா நிறுத்து என்றதா என்பதே குழம்பிவிடும்.

மருத்துவத்துக்கு முன் மொழி என்ற தேவை பின்னாளிலும் மாறவில்லை; மொழிதான் மாறியது. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி 1965இல் வந்தபோது பாடமொழி ஆங்கிலம். 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருப்பதால், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள் பலர் நேராக ஆங்கிலப் பாடநூல்களுக்குள் நுழைகிறார்கள். 2019இல் நாடு முழுவதும் மாற்றப்பட்ட எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் முதல் மாதம் அடித்தளப் பயிற்சியாக இருந்தது. உடற்கூறியலுக்கு முன்பே அதில் மொழிப் பயிற்சிக்கும் மணிநேரம் ஒதுக்கியிருந்தார்கள்.