வளி அடங்க உளம் அடங்கும்

‘உயிர்’, ‘உயிர்ப்பு’ என்னும் இரு சொற்களையும் ஒரே வேரிலிருந்து கிளைக்க விட்டனர் நம் முன்னோர். உயிர்ப்பு என்பது மூச்சு. மூச்சு உள்ளவரையே உயிர் உண்டு என்பதை அறிய நூலறிவு வேண்டுவதில்லை. தொட்டிலில் உறங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கும் தாய்க்கும் அது தெரியும். ஆனால், அந்த மூச்சைக் கவனித்திருந்தால் அலைகின்ற மனமும் அமைதியுறும் என்பது அத்துணை எளிதில் தோன்றிவிடும் கருத்தன்று. அதைக் கண்டுரைத்தவர்கள் நம் நாட்டு ஞானியர். அக்கருத்து எங்குத் தோன்றியது, தமிழில் எவ்வாறு வேரூன்றியது, பின்வந்த பெரியோர் அதற்கு என்ன எல்லை வகுத்தனர் என்பவற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உபநிடதம் காட்டும் பறவை

பழமையான உபநிடதங்களுள் ஒன்றாகிய சாந்தோக்கியத்தில் ஒரு வழக்கு வருகிறது. வாக்கும், கண்ணும், செவியும், மனமும், மூச்சும் தத்தமுள் யார் பெரியவர் என்று பூசலிட்டன. எவர் வெளியேறினால் உடல் மிகவும் சீர்குலையுமோ அவரே பெரியவர் என்று தீர்ப்பாயிற்று. வாக்கு ஓராண்டு வெளியே சென்று திரும்பிற்று. உடல் ஊமையர் போல வாழ்ந்திருந்தது. கண் சென்றது, குருடர் போல வாழ்ந்திருந்தது. செவியும் மனமும் சென்று மீண்டன. அப்போதும் வாழ்வு நின்றுவிடவில்லை. இறுதியில் மூச்சு புறப்பட முனைந்ததுதான் தாமதம், முளைக்குச்சியோடு கயிற்றைப் பிடுங்கும் குதிரை போல அது மற்ற எல்லாவற்றையும் உடன் இழுத்தது. ஏனையவை அஞ்சி, மூச்சே தலைமை என்று ஒப்புக்கொண்டன.

அதே உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மற்றோர் உவமை கூறுகின்றார். கயிற்றில் கட்டிய பறவை திசைதோறும் பறந்து பார்க்கிறது. இருக்க இடமின்றிக் களைத்து, கட்டப்பட்ட இடத்துக்கே வந்து அமர்கிறது. மனமும் அவ்வாறே எங்கெங்கோ பறந்து, பிராணனையே வந்தடைகிறது என்பது அவர் விளக்கம். பிராணன் என்னும் சொல்லுக்கு வெறும் மூச்சைக் கடந்த ஆழ்பொருளும் உண்டு. எனினும், மனத்துக்கும் உயிர்ப்புக்கும் இடையே ஒரு கயிறு இருக்கிறது என்ற கருத்து இங்கே முளைவிட்டது எனலாம். பின்னர் எழுந்த யோக நூல்களெல்லாம் அந்தக் கயிற்றைப் பற்றிக்கொண்டு நடந்தவையே.

பதஞ்சலியார் வகுத்த நெறி

பதஞ்சலியாரின் யோக சூத்திரம் இதனை ஒழுங்குபட எடுத்துரைத்தது. மனம் சிதறும்போது துன்பமும், சோர்வும், உடல் நடுக்கமும், ஒழுங்கற்ற மூச்சும் உடன் தோன்றும் என்று முதற்பாதத்தில் அவர் குறிக்கிறார். சினம் கொண்டவனின் மூச்சு விரைவதையும், அழுகிறவனின் மூச்சு விம்முவதையும் நாம் அன்றாடம் காண்கிறோம் அல்லவா? மனத்தின் குழப்பம் மூச்சில் தெரிகிறதென்றால், மூச்சின் அமைதி மனத்தில் தெரிய வேண்டும் என்ற முடிவு தானே பெறப்படும். எனவே, மூச்சை வெளிவிடுதலும் நிறுத்துதலும் மனத்தைத் தெளிவிக்கும் வழிகளுள் ஒன்று என்றும் அவர் அப்பாதத்திலேயே கூறுகிறார்.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். பதஞ்சலியார் இதனை ஒரே வழி என்று சொல்லவில்லை. பல வழிகளுள் ஒன்றாகவே வைத்தார். எட்டு உறுப்புகளையுடைய அவரது யோகத்தில் பிராணாயாமத்தின் இடம் நான்காவது. கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலிய இயமங்களும், தூய்மை, மனநிறைவு முதலிய நியமங்களும், அசையா இருக்கையும் அதற்கு முன் நிற்கின்றன. அறத்தில் காலூன்றாதவன் மூச்சைப் பிடித்துப் பயனில்லை என்பது இவ்வரிசையின் குறிப்பு. மேலும், மூச்சு நிகழும் இடம், காலம், எண்ணிக்கை ஆகியவற்றை உற்றுநோக்க நோக்க அது நீண்டு நுண்மையாகும் என்றும் அவர் கூறுவதால், அடக்குதலோடு கவனித்தலும் இந்நெறியில் தொடக்கமுதலே உடன் இருந்தது என அறிகிறோம். பகவத்கீதையும் உள்மூச்சையும் வெளிமூச்சையும் ஒன்றில் ஒன்றை ஆகுதியாக்கும் வேள்வி என இதனைப் போற்றுகிறது.

இலக்கணமும் யோகமும் கைகோத்த இடம்

இனித் தமிழகத்துக்கு வருவோம். தமிழர் மூச்சை முதலில் ஆராய்ந்தது மொழியின் பொருட்டு. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் உண்டு. கொப்பூழிலிருந்து எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் முதலியவற்றில் பொருந்தி வெவ்வேறு எழுத்தாகப் பிறக்கும் முறையை அது விளக்குகிறது. எழுத்தின் கால அளவுக்கு மாத்திரை என்று பெயர். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

இந்த மாத்திரையே திருமூலரின் திருமந்திரத்தில் மூச்சுக்கு அளவுகோலாக அமைகிறது. பத்தாம் திருமுறையாகிய அந்நூலின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைப்பது. அங்கே, உள்ளிழுத்தலாகிய பூரகத்துக்கு 16, நிறுத்தலாகிய கும்பகத்துக்கு 64, வெளிவிடுதலாகிய இரேசகத்துக்கு 32 என்ற கணக்கைத் திருமூலர் தருகிறார். ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு இரண்டு என்பது விகிதம். சொல்லை அளந்த கோலாலேயே சொல்லற்ற நிலைக்குச் செல்லும் வழியையும் அளந்தனர் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

திருமூலரின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எட்டாம் நூற்றாண்டினர் எனப் பெரும்பாலோர் கொள்ளும் சுந்தரமூர்த்தி நாயனார் தம் திருத்தொண்டத்தொகையில் அவரை வணங்குவதால், அவர் அதற்கு முற்பட்டவர் என்பது தெளிவு. சாத்தனூரில் மாண்டுகிடந்த மூலன் என்னும் ஆயனைச் சுற்றி அவன் பசுக்கள் கதறக் கண்டு, இரங்கி அவன் உடலில் புகுந்த சிவயோகியே திருமூலர் ஆனார் என்பது சேக்கிழார் பெருமான் கூறும் வரலாறு. மூச்சின் நுட்பங்களைப் பாடிய ஞானியைப் பசுக்களின் துயர் பொறாத அருளாளராக நம் மரபு நினைவில் வைத்திருக்கிறது. யோகம் அருளிலிருந்து பிரிந்ததன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மூச்சைக் குதிரையாகக் காண்பது திருமூலரின் வழக்கம். பறவையினும் விரைந்தோடும் அக்குதிரையில் ஏறத் தெரிந்தவனுக்குக் கள் தரும் களிப்பு வேண்டுவதில்லை; களிப்புத் தானே உண்டாகும் என்கிறார். ‘வாசி’ என்ற சொல் குதிரையையும் குறிக்கும். சித்தர் வழக்கில் மூச்சையும் குறிக்கும். அச்சொல்லைத் திருப்பிப் படித்தால் ‘சிவா’ எனவரும் என்று மகிழ்ந்தனர் சித்தர்கள்.

கோயிலுள் கேட்கும் மூச்சு

மூச்சு தன்னியல்பில் ‘அம்ச’ என்று ஒலித்துக்கொண்டே இருக்கிறது என்பது யோகியர் கொள்கை. அம்சம் என்பது அன்னப் பறவை. நாவால் உருவேற்றாமலே நிகழும் இச்செபத்துக்கு அசபை என்று பெயர். ஒரு நாளில் இது 21,600 முறை நிகழும் என்பர். நிமிடத்துக்கு 15 மூச்சு எனக் கொண்டு பெருக்கினால் இத்தொகை சரியாக வரும். ஓய்ந்திருக்கும் வளர்ந்தோர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவர் என்னும் இக்கால மருத்துவக் கணக்குக்கும் இது இசைந்ததே. தில்லைச் சிற்றம்பலத்தின் மேல் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்பதும், அவை ஒருநாள் மூச்சின் அடையாளம் என்பதும் அத்தலத்து மரபு.

திருவாரூரில் இக்கருத்து இன்னும் அழகுபெற்றது. ஏழு விடங்கத் தலங்களுள் முதன்மையான ஆரூரில் தியாகேசர் ஆடுவது அசபா நடனம். பாற்கடலில் துயிலும் திருமால் தம் மார்பில் தியாகேசரை வைத்து வழிபட்டாராம். அவர் மூச்சு ஏற மார்பு உயர்ந்தது. மூச்சு இறங்க மார்பு தாழ்ந்தது. அந்த ஏற்ற இறக்கத்திலேயே இறைவன் ஆடினான் என்பது கதை. திருமால் மூச்சை இறுக்கிப் பிடிக்கவில்லை. மூச்சு தன்போக்கில் நடந்தது. உள்ளம் மட்டும் மார்பிலிருந்த பொருளிலேயே ஒன்றியிருந்தது. எழுத்தறியாத உழவனும் தேர்த்திருவிழாவில் கேட்டறிந்த இக்கதையில் யோக நூலின் உட்பொருள் முழுதும் அடங்கியிருக்கிறது.

எல்லை வகுத்த ஞானி

பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சுவாத்மாராமரின் அடயோகப் பிரதீபிகை, மூச்சு அசைய மனமும் அசையும், அது நிலைக்க இதுவும் நிலைக்கும் என்ற கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. அந்நூலே ஓர் எச்சரிக்கையும் தருகிறது. சிங்கத்தையும் யானையையும் புலியையும் சிறிது சிறிதாகப் பழக்குவது போல மூச்சையும் பழக்கவேண்டும். தவறினால் நோயே விளையும் என்கிறது.

மூச்சு அடங்கினால் அது போதுமா? இவ்வினாவுக்கு நம் காலத்தை ஒட்டி வாழ்ந்து விடை தந்தவர் இரமண மகரிஷி. 1879-இல் திருச்சுழியில் பிறந்து, 1896-இல் திருவண்ணாமலையை அடைந்து, 1950-இல் அங்கேயே நிறைவெய்தியவர் அவர். 1902-ஆம் ஆண்டளவில் சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் அன்பர் கேட்ட வினாக்களுக்கு, அப்போது பேசாதிருந்த இரமணர் எழுதிக்காட்டிய விடைகளிலிருந்து உருவானதே ‘நான் யார்?’ என்னும் சிறுநூல். மூச்சும் மனமும் ஒரே இடத்திலிருந்து எழுவன. ஆதலால் ஒன்று அடங்க மற்றொன்றும் அடங்கும். ஆயினும் பிராணாயாமத்தால் அடங்கிய மனம், மூச்சு வெளிப்பட்டதும் மீண்டும் எழுந்து அலையும். ஆகவே அது மனத்தை அடக்கத் துணைபுரியுமே அன்றி, மனத்தை மாய்க்காது என்பது அந்நூலின் முடிவு. முருகனாரின் வேண்டுகோளால் 1927-இல் இயற்றிய உபதேச உந்தியாரிலும் வலையில் சிக்கிய பறவையை உவமை காட்டி இதனையே விளக்கினார். உத்தாலகரின் பறவை ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் பறந்து அண்ணாமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது போலும்!

இதற்கு அவர் கூறிவந்த கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் தவம் புரிந்த யோகி ஒருவர் தண்ணீர் வேண்டுமென்று சீடனிடம் கேட்டுவிட்டுச் சமாதியில் ஆழ்ந்தார். நெடுங்காலம் கடந்தது, கங்கையே வேறு வழியில் திரும்பிவிட்டது. கண்விழித்த யோகி முதலில் கேட்டது ‘தண்ணீர் எங்கே?’ என்பதே. மூச்சு அடங்கிக் கிடந்த காலமெல்லாம் அந்த ஒரு வேட்கை அழியாமல் காத்திருந்தது. ஆகவே, அடங்கிய மனத்தை ‘நான் யார்’ என்னும் ஒரே வழியில் செலுத்தவேண்டும் என்றார் இரமணர். மூச்சை வலிந்து நிறுத்த வேண்டுவதில்லை, அதைக் கவனித்திருத்தலே போதும் என்றும் அன்பர் பலருக்கு எளிமைப்படுத்தினார். அலையும் மனத்துக்கு மூச்சு வாயிற்படி. படியிலேயே அமர்ந்துவிட்டவன் வீட்டுக்குள் சென்றவன் ஆகான்.

ஊர்விட்டு வந்தோரின் செல்வம்

இக்கலையை உலகறியச் செய்தவருள் ஊர்விட்டு வந்த தமிழர் ஒருவரும் உண்டு. கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி, மலாயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, பின்னர் இமயமலைச் சாரலில் ரிஷிகேசத்தை அடைந்து சுவாமி சிவானந்தர் ஆனார். 1936-இல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவினார். இதற்கிடையே, மராட்டிய மண்ணில் லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தர் 1924-இல் கைவல்யதாமத்தைத் தொடங்கி, பிராணாயாமத்தை ஆய்வுக்கூடக் கருவிகளால் சோதிக்க முற்பட்டார். மூச்சை உள்ளிழுக்கையில் இதயத்துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடுகையில் சற்றுத் தளர்வதும் இன்று மருத்துவ மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. நீண்ட வெளிமூச்சு உடலை அமைதிப்படுத்துவதன் காரணம் ஒருவாறு இதனால் விளங்குகிறது. இதயத்தைப் போலத் தானாகவும், கையைப் போல நம் விருப்பப்படியும் இயங்கவல்லது மூச்சு. நம் ஆட்சிக்கு உட்பட்டதற்கும் உட்படாததற்கும் நடுவே நிற்கும் அவ்வாயிலைத்தான் நம் முன்னோர் தேர்ந்தெடுத்தனர்.

2014-இல் ஐக்கிய நாடுகள் அவை ஜூன் 21-ஆம் நாளை யோக நாளாக அறிவித்தபின், மூச்சுப் பயிற்சி எங்கும் பேசப்படுகிறது. நகரங்களில் கட்டணம் செலுத்தி நம் பிள்ளைகள் அதைக் கற்கின்றனர். கற்பது நன்றே. ஆனால் பூரகமும் கும்பகமும் தமிழ்ப் பாட்டில் அளந்து வைக்கப்பட்டவை என்பதை அவர்கள் அறியார்; சந்தியாவந்தனத்தில் மூக்கைத் தொட்டதோடு பிராணாயாமத்தை முடித்துக்கொள்ளும் நாமும் அதைச் சொல்லித் தந்ததில்லை. தாய்மண்ணைவிட்டு வந்த குடும்பம் மூன்றாம் தலைமுறையில் இழப்பது மொழியை மட்டுமன்று. அம்மொழிக்குள் இருந்த பயிற்சியையும் உடன் இழக்கிறது. உடலுக்கு நலம் என்று மட்டும் கற்றவன் நலம் பெற்றதும் நிறுத்திவிடுவான். அருளும், அறமும், தன்னை அறியும் வேட்கையும் இதனோடு பிணைந்தவை என்று கேட்டு வளர்ந்தவனே தொடர்ந்து நடப்பான்.

அறுபத்து நான்கு மாத்திரை மூச்சை நிறுத்துவது ஆசிரியர் துணையின்றி முயலத்தக்கதன்று. ஆனால், மாலையில் விளக்கேற்றியபின் வீட்டிலுள்ளோர் அனைவரும் ஐந்து நிமிடம் வாய்மூடி அமர்ந்து, வருவதும் போவதுமாகிய மூச்சைப் பார்த்திருக்க ஆசிரியர் வேண்டியதில்லை. அதன்பின் திருமந்திரத்தில் ஒரு பாடலைப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கட்டும். நெரிசல் மிகுந்த நகரில் வாடகை வீட்டின் சிறு அறையிலும் இது நடக்கக்கூடியதே. எங்குக் குடிபெயர்ந்தாலும் நாம் விட்டுவர இயலாத உடைமை மூச்சு ஒன்றே. அதனோடு பிணைந்த இச்செல்வத்தையும் நம் மக்களுக்குக் கையளிப்போமாக.