தொழில் தொடங்கக் கற்பித்தல்: ஆவடி வட்டாரமும் எழுபது ஆண்டுகளும்

தொழில் தொடங்குவதை ஒரு பாடமாகச் சொல்லித்தர முடியும் என்ற எண்ணம் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவதற்கு முன்பே அரசு அலுவலகங்களுக்குள் நுழைந்துவிட்டது. ஒவ்வொரு காலத்திலும், தொழில் தொடங்க நினைப்பவரிடம் எது குறைகிறது என்பதற்கு ஒரு விடை இருந்தது. முதலில் முதலும் இடமும் என்றார்கள். பிறகு மனத்துணிவு என்றார்கள். அதன்பின் திட்ட அறிக்கை, பரிசோதனைக் கூடம், கடைசியாக வாடிக்கையாளர். விடை மாறியபோதெல்லாம் பாடமும் மாறியது. இந்த மாற்றங்களின் தடத்தைச் சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூரிலிருந்து ஆவடியை அடுத்த கோவில்பதாகை வரையுள்ள பகுதியில் ஓரளவு பார்க்கலாம்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்றுத் தீர்மானம் போட்டது. பெருந்தொழில் அரசின் கையில் என்ற அந்தக் கொள்கை, சிறுதொழிலைத் தனியாருக்கு விட்டுவைத்தது. அவர்களை வளர்த்தெடுக்கும் பொறுப்பையும் அரசே ஏற்றுக்கொண்டது. சென்னை மாநிலத்தில் அந்த வேலை தொழிற்பேட்டைகளாக உருவெடுத்தது. 1958இல் கிண்டியும், 1964இல் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அம்பத்தூரும் வந்தன. தொழில் அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் பெயர் இந்தப் பேட்டைகளோடு இன்றும் சேர்த்தே பேசப்படுகிறது. ஷெட், மின்சாரம், தண்ணீர், சாலை, கடன் ஆகியவற்றைக் கொடுத்தால் தொழிலதிபர் தானாக வருவார் என்பதே அன்றைய கணக்கு.

அம்பத்தூரில் அந்தக் கணக்கு பெருமளவு பலித்தது. ஆனால் ஷெட் மட்டும் அதற்குக் காரணமில்லை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இலேயே வந்துவிட்டது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. பெரிய ஆலைகளில் டர்னராகவோ டூல்ரூமிலோ பத்து வருடம் வேலை பார்த்த ஒருவருக்கு எந்த உதிரிபாகம் எங்கே தட்டுப்படுகிறது, எந்த அதிகாரி எந்த அளவைத் திருப்பி அனுப்புவார், பில் பாஸாக எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் கைரேகை மாதிரி அத்துப்படி. அப்படிப்பட்டவர் ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத்தான் தொழிலைத் தொடங்குவார். எந்தக் கல்லூரியும் அவருக்கு இதைச் சொல்லித்தரவில்லை. பிற்காலத்தில் பல்கலைக்கழகங்கள் புதிய முறை என்று கொண்டுவந்தவற்றில் பாதி, இவர் செய்ததையே வகுப்பறைக்குள் செய்ய முயன்றதுதான்.

அமெரிக்காவில் பாடம் முன்பே தொடங்கியிருந்தது. 1947இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் புதிய நிறுவனங்களை நடத்துவது பற்றி ஒரு வகுப்பு எடுத்தார். போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் நிறைந்த காலம் அது. 188 பேர் சேர்ந்தார்கள். தொழில்முனைவுக் கல்வியின் முதல் வகுப்பாகப் பொதுவாக இதையே சொல்வார்கள்.

இந்தியாவுக்கு அந்தச் சிந்தனை வேறு வாசல் வழியாக வந்தது. ஹார்வர்டின் உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1961இல் ஒரு நூல் எழுதினார். ஒரு சமூகத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு, அதன் மக்களிடம் உள்ள சாதிக்கும் உந்துதலே அடிப்படை என்பது அவர் வாதம். உந்துதலைப் பயிற்சியால் ஊட்ட முடியுமா என்று பார்க்க அவர் தேர்ந்த இடம் தென்னிந்தியா. 1960களின் நடுவில், ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துக்கு ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து 52 பேர் போனார்கள். வேலூரிலிருந்தும் வியாபாரிகள் போனார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ராஜமுந்திரியை வைத்துக்கொண்டார்கள். அங்கே பயிற்சி கிடையாது.

பயிற்சி நடந்த விதம் அன்றைக்கு விநோதமாகத்தான் இருந்திருக்கும். கடை வைத்திருப்பவரிடம் மங்கலான ஒரு படத்தைக் கொடுத்து, அதில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கதை எழுதச் சொன்னார்கள். எழுதிய கதையில் சாதிக்கும் எண்ணம் எத்தனை இடத்தில் தலைகாட்டுகிறது என்று அவரையே எண்ணவும் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொன்று வளையம் எறியும் விளையாட்டு. தரையில் ஒரு முளை, கையில் வளையங்கள். எங்கிருந்து எறிவது என்பது எறிபவர் விருப்பம். சிலர் முளைக்குப் பக்கத்திலேயே நின்று எல்லா வளையத்தையும் போட்டுவிடுவார்கள். சிலர் சுவரோரம் போய் நின்று, விழுந்தால் விழட்டும் என்று வீசுவார்கள். விழவும் விழாமல் போகவும் சரிபாதி வாய்ப்புள்ள தூரத்தைத் தேடி, ஒவ்வொரு வீச்சுக்கும் ஓரடி முன்பின் நகர்பவரே மெக்லெலண்ட் தேடிய ஆள். அளந்து துணிபவர் என்று அவரைச் சொல்லலாம்.

பின்னர் போய்ப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தொழிலில் முன்னைவிடச் சுறுசுறுப்பாக இறங்கியிருந்தார்கள். பயிற்சி பெறாதவர்களில் இது கால்வாசிதான். மெக்லெலண்டும் டேவிட் விண்டரும் இதை 1969இல் நூலாக வெளியிட்டார்கள். சாதி, பழைய நம்பிக்கைகள், உடை ஆகியவை தொழிலுக்குத் தடையல்ல என்ற முடிவுதான் இந்தியாவில் அதிகம் எடுத்தாளப்பட்டது. தொழில் சில சாதிகளின் பிறவிச் சொத்து என்று நம்பிய நாட்டில் அது சிறிய கருத்தல்ல.

உந்துதல் மட்டும் போதாது என்பதைக் குஜராத் காட்டியது. அங்கே மாநிலத் தொழில் முதலீட்டுக் கழகம் 1969 வாக்கில் தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு ஈடில்லாமல் முழுக்கடன் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடன் வாங்கியவர்களுக்கு இயந்திரம் தெரிந்தது, வியாபாரம் தெரியவில்லை. எனவே 1970 முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பது, மூன்று மாதம் பயிற்றுவிப்பது, திட்ட அறிக்கை எழுதவைப்பது, வங்கிவரை கூடவே போவது என்று ஒரு முறை உருவானது. வி. ஜி. படேல் அதை வளர்த்தெடுத்தார். 1983இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனம் எழுந்தது. தமிழ்நாடு தனக்கென அப்படியொரு நிறுவனத்தைச் சென்னையில் 2001இல் அமைத்துக்கொண்டது.

கல்லூரி வளாகத்துக்குள் தொழில் வந்ததும் 1980களில்தான். 1982இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இதற்கென ஒரு தேசிய வாரியத்தை அமைத்தது. திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியோடு சேர்ந்த டிரெக்-ஸ்டெப் என்ற தொழில்முனைவோர் பூங்கா 1986இல் பிறந்தது. பெல் ஆலையைச் சுற்றித் துணைத்தொழில்கள் செழித்த ஊர் திருச்சி என்பதால் அங்கே வாங்க ஆள் இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலான பேராசிரியர்களின் டெனெட் குழுவும் மாணவர்களும் 1990களில் மிடாஸ், பான்யன் போன்ற நிறுவனங்களைத் தொடங்கி, கம்பியில்லாத் தொலைபேசி இணைப்பான கார்டெக்டை உருவாக்கினார்கள்.

இதே காலத்தில் மற்ற பொறியியல் கல்லூரிகளில் நடந்தது சற்றுச் சோகமான கதை. தொழில்முனைவு மேம்பாடு ஒரு விருப்பப் பாடமானது. ஐந்து அலகு, தேர்வு, மதிப்பெண். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் இரண்டாம் அலகு உந்துதல் பற்றியது. அதில் சாதனை உந்துதல் பயிற்சி, வணிக விளையாட்டுகள், படம் பார்த்துக் கதை சொல்லும் உளவியல் சோதனை எல்லாம் தலைப்புகளாக இடம்பெற்றன. வேலூர்க்காரர்களைப் போன்றவர்கள் கையால் செய்து பார்த்தது, மாணவருக்கு வரையறையும் நான்கு வரிக் குறிப்புமாக வந்து சேர்ந்தது. நலிந்த சிறுதொழில்களின் காரணங்களும் விளைவுகளும் ஐந்தாம் அலகில் காத்திருந்தன. தொழில் தொடங்காமலே முதல் வகுப்பில் தேறலாம், பலரும் தேறினார்கள்.

புதிய முறைகள் எழுந்தது இந்தப் போக்குக்கு எதிராகத்தான். அவற்றில் ஒன்றின் வேர் சரஸ் சரஸ்வதி 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. அனுபவம் வாய்ந்த 27 தொழில் நிறுவனர்களிடம் ஒரே பிரச்சினையைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார் அவர். பாடநூல் சொல்வதுபோல இலக்கை வைத்துக்கொண்டு வழியைத் தேடும் போக்கு அவர்களிடம் குறைவாகவே தென்பட்டது. நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்று கையில் உள்ளதிலிருந்து தொடங்கினார்கள். பழைய லேத் வாங்கிய அம்பத்தூர் டர்னருக்கு இது புதுச் செய்தி அல்ல.

இன்னொன்று ஸ்டீவ் பிளாங்க் 2011இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய வகுப்பு. மாணவர்கள் திட்ட அறிக்கை எழுதுவதில்லை. ஒன்பது கட்டங்கள் உள்ள ஒரே தாளில் தங்கள் ஊகங்களை எழுதுவார்கள்: யாருக்கு விற்பது, எதைத் தருவது, எப்படிக் கொண்டுசேர்ப்பது, காசு எங்கிருந்து வரும், செலவு எங்கே போகும். பிறகு வெளியே போய், வாங்கக்கூடியவர்களிடம் பேசி, ஒவ்வொரு ஊகமும் நிற்கிறதா என்று பார்த்துத் தாளைத் திருத்துவார்கள். அதே ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இதை ஐ-கார் என்ற பெயரில் ஆராய்ச்சியாளர்களுக்கு எடுத்துக்கொண்டது. அங்கே ஒரு குழு சுமார் நூறு பேரிடம் பேச வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் 2017இல் அமைந்த கோபாலகிருஷ்ணன்–தேஷ்பாண்டே மையம் இந்த முறையை இந்தியக் கல்லூரிகளுக்கு ஏற்ப நடத்துகிறது. பேசும்போது தன் பொருளைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் மாணவர்களைத் திணறவைக்கும் விதி. எதிராளி இன்று அந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறார், அதற்கு என்ன செலவழிக்கிறார் என்று மட்டுமே கேட்கலாம். ‘நல்லா இருக்கு தம்பி’ என்ற பாராட்டு இந்த வகுப்பில் மதிப்பெண் பெறாது.

ஆவடிப் பக்கம் இந்த அலை, புதிய நிறுவனங்களுக்கான வளர்ப்பகமாக (இன்குபேட்டர்) வந்தது. 1997இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வேல்டெக்கில், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு 2010இல் தொழில்நுட்ப வணிக வளர்ப்பகம் ஏற்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவும் செயல்படத் தொடங்கியது. தொழிற்பேட்டை அன்று கொடுத்த ஷெட்டும் மின்சாரமும் இன்று மேசை, பரிசோதனைக் கருவி, வழிகாட்டி, விதைநிதி என்று மாறியிருக்கின்றன.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட மாணவர், ஆசிரியர்களுக்கான தேசியப் புத்தாக்கத் தொழில்முனைவுக் கொள்கை கல்லூரி விதிகளையே தொட்டது. நிறுவனம் நடத்தும் மாணவர் வருகைப்பதிவு குறைந்தாலும் தேர்வெழுதலாம். இடையில் படிப்பை நிறுத்தி மீண்டும் சேரலாம். தொழில் வேலைக்கு மதிப்பீட்டுப் புள்ளி கிடைக்கும். ஆசிரியரும் நிறுவனம் தொடங்கலாம். வளர்ப்பகத்தின் வசதிகளைப் பயன்படுத்திய நிறுவனத்தில் கல்லூரி 2 முதல் 9.5 விழுக்காடு வரை பங்கு எடுத்துக்கொள்ளவும் அது இடம் தந்தது. கட்டணம் வாங்கி மதிப்பெண் கொடுத்த கல்லூரி, தன் மாணவரின் நிறுவனத்தில் லாபநட்டம் பார்க்கும் பங்குதாரராகவும் ஆகலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.