நர்ஸ் ரிவர்ஸுக்குப் பிறகு

“அந்த நர்ஸுக்கு உண்மை தெரியாதா, மேடம்?”

டஸ்கிகீ ஆய்வைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பது பெரும்பாலும் மாணவிகள். மருத்துவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று மற்றவர்கள் கேட்கும்போது, இவர்களுக்கு மட்டும் அந்தப் பெண்மீதே கண் போகிறது.

தெரியும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேக்கன் என்ற மாவட்டத்தில் 1932இல் அரசுப் பொது சுகாதாரத் துறை அந்த ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்கள் 399 பேர், நோய் இல்லாதவர்கள் 201 பேர். நோய்க்கு மருந்து தராமல் விட்டால் உடல் என்ன ஆகும் என்று பார்ப்பதே நோக்கம். அவர்களிடம் சொன்னதோ ‘கெட்ட இரத்தம்’ என்று மட்டும். பெனிசிலின் கைக்கு வந்த பிறகும் அது அவர்களுக்குக் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். நாற்பது ஆண்டுகள்.

மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மாறாமல் இருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ். டஸ்கிகீயிலேயே படித்து 1922இல் செவிலியரான கறுப்பினப் பெண். தன் காரில் அந்த ஆண்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார், நலம் விசாரித்தார், இறந்தவர் வீட்டுக்குப் போய்ப் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதம் வாங்கினார். பதிலுக்கு அந்தக் குடும்பங்களுக்கு அடக்கச் செலவுப் பணம் கிடைத்தது. வறுமையில் அது சிறிய தொகையல்ல. 1953இல் ஆய்வின் இருபதாண்டு அனுபவம் பற்றி வந்த கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. 1958இல் அரசு விருதும் கிடைத்தது. அவரைக் குற்றவாளி என்பதும் பாதிக்கப்பட்டவர் என்பதும் எனக்கு ஒன்றுபோலவே அவசரமாகப் படுகிறது. நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுக்கும் வேலை அவருடையது. அந்த நம்பிக்கையை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அறையில் அவருக்கு நாற்காலி இல்லை.

நாற்காலி இல்லாதவர்கள் இன்னும் சிலர் உண்டு. அந்த ஆண்களின் மனைவியர். தொற்றுநோய் பற்றிய ஆய்வில் உடன்வாழும் பெண் கணக்கிலேயே வரவில்லை.

இந்த இடத்தில்தான் பில் ஜென்கின்ஸ் வருகிறார். அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் கணிதம் படித்து, 1967இல் பட்டம் பெற்று, அரசு சுகாதாரத் துறையில் புள்ளியியலாளராகச் சேர்ந்த கறுப்பின இளைஞர். அங்கே அந்த ஆய்வைப் பற்றித் தெரிய வந்தது. மேலதிகாரியிடம் கேட்டார், கவலைப்படாதே என்ற பதில் வந்தது. நண்பர்களோடு சேர்ந்து பத்திரிகைகளுக்கு எழுதினார்; யாரும் வெளியிடவில்லை. 1969இல் நிபுணர் குழு கூடி, ஆய்வு தொடரட்டும் என்றது. 1972 ஜூலையில்தான், பீட்டர் பக்ஸ்டன் என்ற முன்னாள் ஊழியர் தந்த தகவலைக் கொண்டு ஜீன் ஹெல்லர் என்ற பெண் பத்திரிகையாளர் செய்தி எழுத, எல்லாம் வெளியே வந்தது.

தன் குரல் எடுபடாமல் போனதிலிருந்து ஜென்கின்ஸ் கற்றுக்கொண்டது என்ன என்பதை அவர் பிறகு செய்த வேலைகளில் பார்க்கலாம். நோய்ப்பரவலியலில் முனைவர் பட்டம் பெற்றார். உள்ளே ஒருவர் இருந்தால் போதாது, பலர் வேண்டும். அவர்களுக்குக் கணக்கும் தெரிய வேண்டும். இம்ஹோடெப் திட்டத்தை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். 1982இல் தொடங்கிய அதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் அவர். பெயர் பண்டைய எகிப்தின் மருத்துவருடையது. மோர்ஹவுஸ் கல்லூரியும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் கைகோத்து நடத்தும் கோடைப் பயிற்சி; சிறுபான்மை இனங்களைச் சேர்ந்த இளங்கலை மாணவர்களுக்கானது. முதலில் கல்லூரியில் உயிரியல் புள்ளியியல், நோய்ப்பரவலியல், ஆய்வு எழுதும் முறை. பிறகு ஒரு வழிகாட்டியின் கீழ் அசல் ஆய்வு வேலை. மொத்தம் பதினொரு வாரம். முடிவில் ஒவ்வொருவரும் கட்டுரை எழுதி, சபை முன் நின்று பேச வேண்டும்.

மோர்ஹவுஸ் ஆண்கள் கல்லூரி. பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. என்றாலும் பயிற்சி இருபாலருக்கும் உரியது. ஆண்கள் வளாகத்தின் வாசல் வழியாகத்தான் பெண்கள் இதற்குள் வர வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஒரு சின்ன உறுத்தல்.

இதை வகுப்பில் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி எழுந்து, “பதினொரு வாரம் சாப்பாட்டுக்கு யார் மேடம் குடுப்பாங்க?” என்றாள். லீவில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற பெண். நான் வரலாறு, அறம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் நேரே ஆணிவேருக்கு வந்துவிட்டாள். உதவித்தொகை உண்டு என்றேன். “அப்ப வீட்டுல விடுவாங்க” என்று உட்கார்ந்துவிட்டாள். சம்பளமில்லாத பயிற்சி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், கோடை வருமானத்தை விட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது மூடிய கதவுதான். முதலில் அங்கே வடிகட்டப்படுகிறவர்கள் பெண்கள்.

ஜென்கின்ஸ் இன்னொரு வேலையும் செய்தார். டஸ்கிகீயில் உயிர் பிழைத்தவர்களுக்கு அரசு வழங்கிய ஆயுட்கால மருத்துவ உதவித் திட்டத்தை அவர் நிர்வகித்தார். மனைவியர், விதவைகள், பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டது 1975இல். ஆய்வு தொடங்கி 43 ஆண்டுகள் கழித்து. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் கடைசி மனிதர் 2004இல் இறந்தார். உதவி பெற்றுவந்த கடைசி விதவை 2009 ஜனவரி வரை இருந்தார்.