வைத்தியர் காத்த ரகசியம்

நோயாளியிடம் கேட்டதையும் கண்டதையும் பிறரிடம் வெளியிடுவதில்லை என்பது, ஹிப்பாக்ரட்டிஸின் பெயரால் வழங்கும் பிரமாணத்தின் காலந்தொட்டு மேனாட்டு வைத்தியர்கள் காத்துவரும் விரதம். அது உயர்ந்த விரதமே; ஆயினும் தகப்பனின் வியாதி பிள்ளையின் உடலிலும் உறங்கிக் கிடக்கக்கூடும் என்று சாஸ்திரம் கண்டறிந்த பின்பு, அந்த ரகசியம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்து வழக்கு ஒன்றை நினைக்குந்தோறும் என் மனம் கலங்குகிறது. பெருங்குடலில் எண்ணற்ற முளைகள் தோன்றிக் காலப்போக்கில் புற்றாக மாறுவதும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வரக்கூடியதுமான பரம்பரை நோய்க்காக, 1956 முதல் ஜார்ஜ் பாக் என்னும் கீர்த்தி வாய்ந்த ரணசிகிச்சை நிபுணரிடம் வைத்தியம் செய்துகொண்ட ஒருவர், 1964-இல் தம் 45-ஆம் வயதில் காலமானார். குடலில் 'அடைப்பு' என்றும் ஏதோ 'தொற்று' என்றுமே தம்மிடம் சொல்லப்பட்டதாகவும், குழந்தைகளுக்கு வருமோ என்று கேட்டபோது கவலைப்பட வேண்டாம் என்று வைத்தியர் சொன்னதாகவும் அவருடைய மனைவி பிற்காலத்தில் வாக்குமூலம் அளித்தார். அந்தச் சொல் கருணையால் பிறந்திருக்கலாம். ஆனால் தகப்பனை இழந்தபோது 10 வயதுச் சிறுமியாயிருந்த மகளுக்கு 1990-இல், 36-ஆம் வயதில், அதே நோய் புற்றாக முற்றிய நிலையில் வெளிப்பட்டது. காலத்தில் பரிசோதித்துக் கண்காணித்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பதே அவர் தொடுத்த வழக்கின் சாரம்.

மகள் அவ்வைத்தியரின் நோயாளி அல்லள் என்று கீழ்க்கோர்ட்டு வழக்கைத் தள்ளியது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிபதிகளோ, தொற்றுநோயைப் பற்றி அண்டையாரை எச்சரிக்கும் கடமைக்கும் இதற்கும் சாராம்சத்தில் பேதமில்லை என்று கண்டு, ஆபத்துக்குள்ளாகக் கூடியவர்களுக்குச் செய்தி எட்டும்படி வைத்தியர் நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்றனர். முந்தைய ஆண்டு பிளாரிடா நீதிமன்றம் நோயாளியை எச்சரித்தாலே போதும் என்று நின்றுவிட்டது. நியூ ஜெர்சி அதற்கு அப்பாலும் கடமை நீளக்கூடும் என்றது. அதுவே நியாயம் என்பது என் துணிபு.

பின்னர் லண்டனில் ஒரு வழக்கு. ஹண்டிங்டன் என்னும் பரம்பரை நோய் கண்ட தகப்பன், கர்ப்பவதியான மகளிடம் அதைச் சொல்லலாகாது என்று 2009-இல் மறுத்துவிட, வைத்தியர்கள் மௌனம் காத்தனர். பிரசவத்திற்குப் பின் தற்செயலாகவே அவளுக்கு உண்மை தெரிந்தது. சோதித்தபோது அவளுக்கும் அந்நோயின் மரபணு இருந்தது. நோயாளியின் ரகசியத்தையும் மகளின் நலத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது சட்டக் கடமையே என்று 2020-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகளின் வழக்கு தோற்றது; கடமை நிலைத்தது.